கண்ணாடி இல்லாத வீடும் அயர்லாந்து ராசாவும்

எனக்கு எழுதத் தெரியாது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுபோனது. பேனையைப் பிடித்தால் ஊருக்குக் கடிதம் எழுதுகிற மாதிரித்தான் வருகிறது. இப்போது மறதியும் சேர்ந்துகொண்டது. நேற்று என்ன கறி வைத்தேன் என்று கேட்டால் சட்டியைத் திறந்து பார்த்துத்தான் சொல்ல வேண்டும். ஆகையால் சொற்கள் கோணலாக விழுந்தாலும் நடந்தவை முன்பின்னாக வந்தாலும் கோபிக்க வேண்டாம்.

இத்தாலியில் பலெர்மோ நகரத்தில், லிபெர்த்தா தெருப் பக்கத்தில் ஒரு வீட்டில் தங்கி வேலை செய்கிறேன். நாலாம் மாடி. பல்கலைக்கழகத்தில் படிப்பித்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவருக்குச் சமைத்துத் துப்புரவு செய்வதற்கென்று போனவள் நான். எல்லோரும் அவரைப் புரொபெசோரே என்பார்கள், நானும் அப்படித்தான். மனைவி இறந்து பல வருடம். ஒரே மகள் பகேரியாவில் இருக்கிறார். கிழமையில் மூன்று நாள் ரயிலேறி வருவார். அவரைச் சிஞ்ஞோரா என்பேன். அவர்கள் இத்தாலி மொழியில் கதைத்ததை எல்லாம் இங்கே என்னுடைய தமிழில்தான் எழுதுகிறேன். வேறு தமிழ் எனக்கு வராது.

போன கோடை முடிகிற நேரம் புரொபெசோரேக்குப் பாரிசவாதம் வந்தது. ஆஸ்பத்திரியில் ஒரு மாதம் இருந்தார். உயிருக்குப் பயமில்லை என்றார்கள். ஆனால் இடது கையும் காலும் சோர்ந்துபோயின. வாய் வலது பக்கமாக இழுபட்டு நின்றது. இடது கண்ணிமை பாதியில் தொங்கியது. முதல் தடவை பார்த்தபோது நான் சிலுவை அடையாளம் போட்டுவிட்டேன். நல்ல வேளை, அவர் அப்போது நித்திரை.

அவர் வீட்டுக்கு வருவதற்கு முதல் நாள் சிஞ்ஞோரா ஒரு ஆளைக் கூட்டிவந்து எல்லாக் கண்ணாடியையும் கழற்றுவித்தார். குளியலறைக் கண்ணாடி, அலுமாரிக் கண்ணாடி, வாசலில் தொங்கிய வட்டக் கண்ணாடி எல்லாம் போயின. புத்தக அலுமாரிகளின் கண்ணாடிக் கதவுகளைக் கூட விடவில்லை. எல்லாவற்றையும் பழைய போர்வைகளில் சுற்றிக் களஞ்சிய அறைக்குள் வைத்துப் பூட்டினார். பிறகு என்னைக் குசினிக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார்.

"அப்பா தன்ரை முகத்தைப் பாக்கக் கூடாது. விளங்குதோ? அவர் எப்பிடிப்பட்ட மனிசன் எண்டு உங்களுக்குத் தெரியும்தானே. கீழை குப்பை போடப் போறதுக்கும் டை கட்டுறவர். இந்த முகத்தைக் கண்டால் சாப்பாட்டை விட்டிடுவார்."

"ஓம் சிஞ்ஞோரா."

"ஒருத்தரையும் உள்ளுக்கு விட வேண்டாம். வாறவை அவரைப் பாத்து ஒருக்கா முழிச்சால் போதும், அவருக்கு விளங்கியிடும். நித்திரை எண்டு சொல்லி அனுப்புங்கோ. வந்தவை எண்டும் அவருக்குச் சொல்லக் கூடாது. சொன்னால், கூப்பிடு எண்டு நிண்டுகொள்ளுவார்."

"ஓம் சிஞ்ஞோரா."

"அவர் அறிஞ்சால் நீங்கள் இந்த வீட்டிலை இருக்கேலாது. கோபத்திலை சொல்லேல்லை. பயத்திலை சொல்லுறன்."

எனக்கு அறுபத்தெட்டு வயது. அந்த வீட்டை விட்டால் வேறெந்த வீட்டிலும் என்னை எடுக்க மாட்டார்கள். நான் படுக்கிற கட்டிலும் அந்த வீட்டில்தான் கிடக்கிறது. ஓம் என்றேன்.

இரண்டாம் கிழமையே தொடங்கிவிட்டது. மணி அடிக்கும். கதவைத் திறந்தால் யாராவது பூவோடோ புத்தகத்தோடோ நிற்பார்கள். நான் நிலத்தைப் பார்த்துக்கொண்டு, "நித்திரை கொள்ளுறார்" என்பேன். அவர்கள் மெதுவாகப் படியிறங்கிப் போவார்கள். திரும்பி உள்ளே வந்தால் அறையிலிருந்து குரல் வரும்.

"ஆர் வந்தது?"

"மேல் வீட்டு ஆக்கள் புரொபெசோரே. தப்பா அடிச்சிட்டினம்."

அதுதான் ஒருவருக்கு இரண்டு பொய். வாசலில் ஒன்று, அறையில் ஒன்று. நாங்கள் சின்ன வயதில் சிஸ்டர்மாரிடம் ஞானோபதேசம் படித்தவர்கள். கோயிலில் சுவாமியிடம் செய்கிற பாவசங்கீர்த்தனத்தில் பாவத்தைச் சொன்னால் போதாது, எத்தனை தரம் என்றும் சொல்ல வேண்டும் என்று படிப்பித்திருந்தார்கள். எனக்கு மறதி. ஆகவே ஒவ்வொரு தடவையும் ஆள் எப்படி, கையில் என்ன, என்ன கிழமை என்று ஜெபப் புத்தகத்தின் பின்பக்கத்தில் ஒவ்வொரு வரி எழுதிவைத்தேன். பெயர் எழுதவில்லை. அவர்கள் சொன்ன பெயர்கள் என் வாயில் நிற்கவில்லை.

எழுதிவைத்தேனே தவிர, பாவசங்கீர்த்தனத்துக்குப் போகவில்லை. போனால் இனிச் செய்ய மாட்டேன் என்று சொல்ல வேண்டும். அடுத்த நாளே மணி அடிக்குமே.

தமிழ்ப் பூசை முடிந்து வெளியே நிற்கும்போது என் சிநேகிதி பிடித்துக்கொண்டாள். மன்னார்ப் பிள்ளை, என்னைவிடப் பத்து வயது இளையவள், எங்கள் தெருவிலேயே வேறொரு வீட்டில் வேலை செய்கிறாள். வாய் அவளுக்கு நிற்காது.

"என்னக்கா, எல்லாரும் பாவசங்கீர்த்தனத்துக்கு வரிசையிலை நிண்டவை, நீங்கள் மாதா சுருவத்துக்குப் பின்னாலை ஒளிச்சு நிண்டியள்?"

"சும்மா இரு."

"முந்தியெல்லாம் உங்கடை பாவத்தைக் கேட்டால் சுவாமிக்கு நித்திரை வந்திடும் எண்டு நினைப்பன். இப்பதான் ஏதோ ருசியா வைச்சிருக்கிறியள் போல."

விஷயத்தைச் சொன்னேன். அவள் சிரிப்பை நிறுத்திவிட்டாள்.

"அக்கா, உங்களுக்குப் பொய் சொல்லுற முகமே இல்லை. காது சிவந்து போகுது. அந்த மனிசன் படிச்ச மனிசன், உங்கடை காதைப் பாத்தே பிடிச்சிடுவார். பிறகு மகள் உங்களைத்தான் வெளியிலை விடுவா."

"அப்ப என்ன செய்யச் சொல்லுறாய்?"

"முக்காட்டை நல்லா இழுத்துப் போடுங்கோ, வேறை என்ன" என்றாள்.

சிரித்துவிட்டுத்தான் பஸ் ஏறினோம். ஆனால் வீட்டில் சிரிக்க ஒன்றும் இல்லை. புரொபெசோரே முதலில் ஒவ்வொரு நாளும் கேட்டார்: "இண்டைக்கும் ஒருத்தரும் வரேல்லையோ?" பிறகு கிழமைக்கு ஒருதரம் கேட்டார். தை மாதத்துக்குப் பிறகு கேட்பதையே விட்டுவிட்டார். சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்வார். பாஸ்தாவில் இரண்டு கரண்டி எடுத்துவிட்டுக் கோப்பையைத் தள்ளிவைப்பார். சாப்பாட்டை விட்டுவிடுவார் என்று மகள் பயந்தது முகத்துக்காக. அவர் முகத்தைப் பார்க்காமலே சாப்பாட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

என்னால் செய்யக்கூடியது எண்ணெய்தான். சோர்ந்த கைக்கும் காலுக்கும் நல்லெண்ணெய் சூடாக்கித் தேய்த்து, தலைக்கும் வைத்து முழுக வார்த்தால் நரம்புக்கு நல்லது என்று சிஞ்ஞோராவிடம் கேட்டேன். மணத்துக்கு மூக்கைச் சுளித்தாலும் சம்மதித்தார். எங்கள் ஆட்களின் கடையில் நல்லெண்ணெய் வாங்கினேன். அந்த வீட்டுப் பாத்திரங்களில் எண்ணெய் மணம் ஏறக் கூடாதென்று என்னுடைய சில்வர் கிண்ணத்தை எடுத்தேன். மங்கின பாத்திரத்தோடு ஒரு பெரிய மனிதரின் கட்டிலுக்குக் கிட்டப் போகலாமா? தேசிக்காய்த் தோலும் உப்பும் போட்டுப் பளபளவென்று மினுக்கினேன். ஒவ்வொரு சனிக்கிழமையும் மினுக்கினேன். எண்ணெய் ஊற்றி, அவருடைய நல்ல கையில் பிடிக்கக் கொடுத்துவிட்டு மற்றக் கையைத் தேய்ப்பேன்.

வீட்டில் இருந்த கண்ணாடி எல்லாவற்றையும் ஒளித்தாயிற்று. நான் கிழமைக்கு ஒருதரம் ஒரு கண்ணாடியைத் துடைத்து அவருடைய நெஞ்சுக்கு நேரே கொடுத்துக்கொண்டிருந்தேன். அந்தப் புத்தி எனக்கு வரவில்லை.

ஈஸ்டருக்கு முந்தின தபசு காலத்தில் ஒரு சனிக்கிழமை காலை. எண்ணெய் வைத்து ஊறவிட்டு, அவரைக் கட்டிலின் ஓரமாக மல்லாக்கப் படுக்கவைத்து, தலைக்குக் கீழே பேசின் வைத்துக் கழுவிக்கொண்டிருந்தேன். நாக்குத் தடித்திருந்ததால் மெதுவாகத்தான் கதைப்பார். எனக்கும் மெதுவாகக் கதைத்தால்தான் விளங்கும்.

"நான் என்ன படிப்பிச்சனான் எண்டு தெரியுமோ?" என்றார்.

"புத்தகம்."

"அயர்லாந்திலை சாமிமார் மடங்களிலை இருந்து எழுதிவைச்ச பழைய ராசாக்களின்ரை கதை. அதிலை ஒரு ராசாவின்ரை கதையை மட்டும் வருஷா வருஷம் படிப்பிச்சனான். சொல்லட்டோ?"

"சொல்லுங்கோ. தலையை ஆட்டாமல் சொல்லுங்கோ, சவுக்காரம் கண்ணுக்குள்ளை போயிடும்."

அவர் சொன்னதை எனக்கு விளங்கிய மாதிரி எழுதுகிறேன். அந்த ராசாவுக்குக் குள்ளமான ஒரு சனம் வரம் கொடுத்ததாம், எந்தத் தண்ணீருக்கு அடியிலும் மூச்சுவிட்டு நடக்கலாம் என்று. ஒரே ஒரு ஏரிக்குள் மட்டும் போகக் கூடாது. அது அவருடைய சொந்த நாட்டிலேயே இருந்த ஏரி. ராசாக்கள் சொல்வழி கேட்பார்களா? இறங்கிவிட்டார். அடியில் ஒரு பூதம், கொல்லன் பட்டறைத் துருத்தி மாதிரி ஊதி ஊதிச் சுருங்கிக்கொண்டு கிடந்தது. கண்ட பயத்தில் ராசாவின் வாய் இழுபட்டுப் பின்மண்டைக்குப் போய்விட்டது. கரைக்கு வந்து தேரோட்டியிடம் நான் எப்படி இருக்கிறேன் என்று கேட்டார். கொஞ்சம் நித்திரை கொண்டால் சரிவரும் என்றான் அவன்.

எனக்குக் கை நின்றுவிட்டது. அவர் கண்ணை மூடிக்கொண்டு சொல்லிக்கொண்டே போனார்.

அந்த நாட்டில் முகத்தில் ஊனமுள்ளவன் ராசாவாக இருக்க முடியாதாம். ஆனால் நல்ல ராசா, இழக்க மனமில்லை. அறிவாளிகள் கூடி யோசித்தார்கள். ராசாவுக்குத் தெரியாமலே வைத்திருப்பது என்று முடிவு. வாய் தவறிச் சொல்லிவிடக்கூடிய ஆட்களை எல்லாம் அரண்மனையை விட்டு வெளியேற்றினார்கள். தண்ணீரில் முகம் தெரியக் கூடாதென்று அவரை மல்லாக்கப் படுக்கவைத்துத்தான் கழுவினார்கள்.

"இப்ப நீங்கள் என்னைக் கழுவுற மாதிரி" என்றார்.

"அது... சவுக்காரத்துக்காக புரொபெசோரே."

"ஏழு வருஷம் அப்பிடியே போச்சு. ஒருநாள் தலை கழுவுற வேலைக்காரி சுணங்கிப்போனாள். அவளும் நல்ல குடும்பத்துப் பெண், ஒரு பழிக்குப் பிணையாக் குடுபட்டு அடிமையானவள். ராசா அவளைச் சாட்டையாலை அடிச்சான். அவளுக்குக் கோபம் வந்து, உன்ரை முகத்தைப் போய்ப் பார் எண்டு சொல்லிப்போட்டாள்."

"பிறகு?"

"வாளை எடுத்து ரெண்டு துண்டா வெட்டிப்போட்டான்."

"அவளையோ?"

"அவளைத்தான்."

கையில் நுரையோடு நின்றேன். "அவளுக்காக ஆரும் அழேல்லையோ?"

அவர் கண்ணைத் திறந்தார். "புத்தகத்திலை அப்பிடி ஒண்டும் இல்லை" என்றார். "இத்தனை வருஷத்திலை ஒரு மாணவனும் அதைக் கேக்கேல்லை. ராசா பிறகு ஏரிக்குள்ளை இறங்கிப் பூதத்தை வெட்டிச் சாக்காட்டிப்போட்டுத் தானும் செத்துப்போனான். எல்லாரும் ஏரியைப் பற்றித்தான் கேப்பினம்." கொஞ்சம் மூச்சு வாங்கினார். "இப்ப நீங்கள் சொல்லுங்கோ. என்ரை வாய் எந்தப் பக்கம் போயிருக்கு?"

என் கட்டில், என் பெட்டி, பகேரியா ரயில் எல்லாம் கண்ணுக்கு முன்னால் வந்தன.

"பயப்பட வேண்டாம்" என்றார். "என்னட்டை வாள் இல்லை. இருந்தாலும் ஒரு கைதான் வேலை செய்யுது. மூண்டு கிழமையா எனக்குத் தெரியும். உங்கடை கிண்ணம் சொல்லிப்போட்டுது."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. மேசையில் இருந்த கிண்ணத்தைப் பார்த்தேன். சூரியன் மாதிரி மினுங்கிக்கொண்டு நின்றது.

"முகம் போனால் போகட்டும்" என்றார். "எழுபத்தொன்பது வயதிலை முகத்தை வைச்சு நான் என்ன செய்யப் போறன்? எனக்கு நோகிறது அது இல்லை. நாப்பது வருஷம் படிப்பிச்சன். ஒருத்தர் கூட எட்டிப் பாக்கேல்லை. முகம் இப்பிடிப் போச்செண்டு கேள்விப்பட்டு அருவருத்திட்டினம் எண்டு நினைச்சன். அதுதான் சாப்பாடு இறங்குதில்லை."

என்னால் அதற்குமேல் முடியவில்லை. கட்டிலை மறந்தேன், பெட்டியை மறந்தேன்.

"வந்தவை புரொபெசோரே" என்றேன். "பதினொரு தரம் வந்தவை. நான்தான் நித்திரை எண்டு அனுப்பினனான்."

ஈரத்தலையோடு எழும்பப் பார்த்தார். தோளைப் பிடித்து உட்காரவைத்துத் துவாயைப் போட்டேன்.

"பதினொண்டோ? அதென்னெண்டு அவ்வளவு சரியாச் சொல்லுறியள்?"

"பாவசங்கீர்த்தனத்துக்கு எழுதி வைச்சிருக்கிறன்."

ஓடிப்போய் ஜெபப் புத்தகத்தை எடுத்து வந்தேன். ஒவ்வொரு வரியாக வாசித்தேன். செவ்வாய்க்கிழமை, நரைத்த தாடி, தோடம்பழப் பை, படி ஏறிய களைப்பில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றவர். "அது கத்தானியாவிலை இருந்து வந்திருக்கிறான்!" என்று கத்தினார் புரொபெசோரே. "அவனுக்கு முழங்கால் வருத்தம். நாலு மாடியும் ஏறினவனோ?" அடுத்தது, சிவப்புக் குடை, குழந்தைவண்டி, அழுத பெண். "என்ரை கடைசி மாணவி. அப்ப பிள்ளை பிறந்திட்டுது!" மூன்றாவது, தொப்பியைக் கழற்றாமல் நின்ற கட்டை மனிதர். "அவன் என்ரை எதிரி. முப்பது வருஷமாச் சண்டை. அவனுமோ வந்தவன்?" எதிரி வந்ததில்தான் அவருக்கு எல்லாவற்றையும்விடப் பெரிய சந்தோஷம்.

எட்டாவது வரியில், கறுப்புச் சட்டை போட்ட இரண்டு வயதான பெண்கள், கேக் பெட்டி என்று வாசித்தேன்.

"பொறுங்கோ, பொறுங்கோ. ரெண்டு பேரோ? அதை ஒண்டெண்டோ எண்ணினியள்?"

"மணி ஒருதரம்தானே புரொபெசோரே அடிச்சது. ஒண்டெண்டுதான் போட்டிருக்கிறன்."

"அப்ப பன்ரெண்டு பேர்!" என்றார். "பன்ரெண்டு!" கோணல் வாயால் சிரித்தார். ஒரு பக்கத்தால் எச்சில் வழிந்தது. துடைக்கவும் விடவில்லை. நான் அழுதேன். ஏன் அழுதேன் என்று இன்றைக்கும் சொல்லத் தெரியவில்லை. மாதக்கணக்காக நெஞ்சில் கிடந்த பாரம் தண்ணீராகப் போனது என்றுதான் நினைக்கிறேன். அன்று மத்தியானம் அவர் ஒரு கோப்பை பாஸ்தாவையும் முடித்துவிட்டு இன்னும் இருக்கிறதா என்று கேட்டார்.

இனி மகளுக்குப் பதில் சொல்ல வேண்டியிருந்தது. திங்கட்கிழமை வருவார். ஞாயிறு முழுக்க என் உடுப்புகளை மடித்து மடித்து வைத்தேன். புரொபெசோரே திங்கள் காலையில் டை கட்டிவிடச் சொன்னார். எனக்குக் கட்டத் தெரியாது. அவர் ஒரு கையால் காட்டிக் காட்டிச் சொல்ல, ஏதோ ஒரு முடிச்சுப் போட்டேன்.

சிஞ்ஞோரா உள்ளே வந்து டையைக் கண்டார். நின்றபடி நின்றார்.

"வாசல் கண்ணாடியை எங்கை வைச்சிருக்கிறாய்?" என்று கேட்டார் தகப்பன். "இந்த முடிச்சைப் பாக்க வேணும். எனக்கு இதிலை நம்பிக்கை இல்லை."

சிஞ்ஞோரா என் பக்கம் திரும்பினார். "நீங்கள் சொன்னனீங்களோ?"

"அவ சொல்லேல்லை. அவவின்ரை கிண்ணம் சொன்னது" என்றார் அவர்.

அதோடு விட்டிருக்கலாம். எனக்கு எந்த இடத்திலும் வாய் திறக்கக் கூச்சம். ஆனாலும் இன்னொரு பொய்யை அந்தப் புத்தகத்தில் எழுத எனக்குத் தெம்பு இல்லை.

"முகத்தைப் பற்றி நான் சொல்லேல்லை சிஞ்ஞோரா. வந்தவையைப் பற்றிச் சொன்னது நான்தான்."

சிஞ்ஞோரா கத்துவார் என்று நின்றேன். அவர் கதிரையில் உட்கார்ந்து, சப்பாத்தைக் கழற்றிவிட்டு, இரண்டு காலையும் நீட்டினார். பிறகு சின்னப் பிள்ளை மாதிரி விம்மினார்.

"ஒவ்வொரு நாளும் படியிலை நிண்டு என்ரை முகத்தைச் சரிப்பண்ணிப்போட்டுத்தான் உள்ளுக்கு வாறனான்" என்றார். "எனக்குக் களைச்சுப்போச்சு அப்பா."

"எனக்கும்தான்" என்றார் தகப்பன். "உனக்கு முன்னாலை ஒண்டும் தெரியாத ஆள் மாதிரிப் படுத்துக் கிடக்கிறது லேசான வேலையோ?"

சிஞ்ஞோரா சிரித்துவிட்டார். அழுகையும் சிரிப்புமாக என் கையைப் பிடித்து, "நீங்கள் எங்கையும் போக வேண்டாம். உடுப்பை மடிச்சு வைச்சிருக்கிறியள் எண்டு தெரியும், போய் விரிச்சு வையுங்கோ" என்றார். எப்படித் தெரிந்ததோ. நான் போய் விரித்து வைத்தேன்.

கண்ணாடியைக் கொண்டுவந்து பிடித்தோம். புரொபெசோரே நெடுநேரம் பார்த்தார். "ராசாவின்ரை வாய் பின்மண்டைக்குப் போனது" என்றார் கடைசியில். "என்ரை முன்னுக்குத்தானே நிக்குது." பிறகு முடிச்சை அவிழ்த்துத் திரும்பக் கட்டச் சொன்னார்.

நான் ஜெபப் புத்தகத்தை வரிவரியாக வாசிக்க, புரொபெசோரே ஆள் யாரென்று சொல்ல, சிஞ்ஞோரா ஒவ்வொருவராக டெலிபோன் எடுத்தார். வியாழக்கிழமை பின்னேரம் மணி அடித்தது. கதவைத் திறந்தேன். தோடம்பழப் பையோடு தாடிக்காரர் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார், அவருக்குப் பின்னால் படிகளில் இன்னும் நாலைந்து பேர். கறுப்புச் சட்டைப் பெண்களில் ஒருவர், "நித்திரையோ?" என்று மெல்லக் கேட்டார்.

"இல்லை. முழிச்சிருக்கிறார். வாங்கோ" என்றேன்.

அந்த மூன்று சொல்லைச் சொல்வதற்குள் எனக்கு மூச்சு எவ்வளவு லேசாக வந்தது என்று எழுதத் தெரியவில்லை. சிலர் அவருடைய முகத்தைக் கண்டு முழிக்கத்தான் செய்தார்கள். அவர் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். கொஞ்ச நேரத்தில் எல்லோரும் ஒரே சத்தம். கட்டை மனிதரும் அவரும் ஏதோ ஒரு பழைய சொல்லுக்குப் பிடுங்குப்பட்டார்கள். நான் கோப்பி ஊற்றினேன். பெரிய வெள்ளிக்கு முன் பாவசங்கீர்த்தனத்துக்கும் போய்வந்தேன். எத்தனை தரம் என்று சுவாமி கேட்கவே இல்லை.

கடைசியாக ஒரு உதவி. ராசாவின் கதையை நான் ஒரு தடவைதான் கேட்டேன், அதுவும் தலை கழுவிக்கொண்டு. ஏழு வருடம்தானா, வாய் பின்மண்டைக்குத்தான் போனதா, சரியாகத் தெரியவில்லை. அந்த வேலைக்காரிக்கு ஒரு பெயர் இருந்தது, புரொபெசோரே சொன்னார், நான் விட்டுவிட்டேன். அவரிடமே கேட்கலாம்தான். கேட்டால் முதலிலிருந்து தொடங்குவார், இப்போது கேட்கிற ஆட்கள் வீட்டில் நிறைய, எனக்கு அடுப்பில் வேலை. அந்தப் பழைய கதைகளைப் படித்தவர்கள் யாராவது இதை ஒருதரம் பார்த்து, பிழையானதைத் திருத்திவிடுங்கள். அவளுடைய பெயரையும் தேடி எழுதிவிட்டால் நல்லது.